வானிலையும் மனநிலையும்

நிலமும் பொழுதும் உள்ளத்தை ஆளும் என்பது நம் முன்னோர் பண்டே கண்ட உண்மை. தொல்காப்பியர் அவ்விரண்டையும் முதற்பொருள் என்றார். வேனிலையும் நண்பகலையும் பிரிவுக்கு உரிய பாலைக்கு வகுத்தார்.

எம் நாரணாபுரத்தில் அவ்விலக்கணம் ஏட்டளவில் நிற்பதன்று. வறண்ட வானிலையே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஏற்றதாய் ஊருக்குச் சோறளிக்கின்றது. அவ்வறட்சியில் உராய்வு மின்னும் எளிதிற் சேரும். கோடை வெயிலில் உடலின் நீர் வற்ற, தலை நோகும், சினம் மிகும், கவனம் தளரும். ஏட்டில் எழுதுவோன் கவனம் தளர்ந்தால் ஒரு சொல் பிழையாகும். வெடிமருந்து கலப்போன் தளர்ந்தாலோ உயிரே போகும்.

அத்தளர்ச்சியைச் சோம்பல் என்றும், அச்சினத்தைத் தீக்குணம் என்றும் பழித்தல் முறையோ? நண்பர்காள், தொழிலாளர்க்கு வேண்டுவன நிழலும் நீரும் உச்சிவேளை ஓய்வுமே. வானிலையை மாற்றுதல் நம்மால் இயலாது; வேலைப்பொழுதை மாற்றுதல் இயலும்.