குதிரை நல்ல குதிரைதான், வாங்கியதுதான் தப்பு

2025 பிப்ரவரி 9 அன்று சாக்வான் பார்க்லிக்கு 28 வயது முடிந்தது. அன்றைக்கே ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், கான்சாஸ் சிட்டியை 40-22 என்று சாத்திவிட்டு சூப்பர் பவுல் கோப்பையைத் தூக்கியது. அந்த சீசனில் பார்க்லி ஓடியது 2,005 யார்டு. என்எஃப்எல் வரலாற்றில் ஒரே சீசனில் 2,000 யார்டைத் தாண்டிய ஒன்பதாவது ஆள் அவர். உடனே ஒரு கோஷ்டி கிளம்பிவிட்டது. 2018 டிராஃப்டில் நியூயார்க் ஜயன்ட்ஸ் இவரை இரண்டாவது ஆளாக எடுத்தது சரிதானாம், 2024-ல் பக்கத்து ஊர் எதிரிக்குத் தாரை வார்த்ததுதான் தப்பாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் விஷயம் அப்படியே தலைகீழ். தப்பு நடந்தது 2018-லேயே. அதற்கு முதல் சாட்சி இந்த 2,005 யார்டுதான்!

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவர்களுக்காக இரண்டே வரி. ரன்னிங் பேக் என்பவர் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுபவர். அவருக்கு முன்னால் ஐந்து தடியர்கள் நின்று வழி திறந்து விடுவார்கள் (தமிழில் முன்வரிசை என்று வைத்துக்கொள்வோம்). டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் சடங்கு. போன வருடம் அதிகம் தோற்றவனுக்கு முதல் சாய்ஸ்.

2017-ல் ஜயன்ட்ஸ் 3 வெற்றி, 13 தோல்வி. குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்குக்கு வயது 37. முன்வரிசை ஓட்டைப் படகு. கையில் இரண்டாம் எண் தேர்வு. இந்த நிலைமையில் மேனேஜர் டேவ் கெட்டில்மன் வாங்கியது ஒரு ரன்னிங் பேக்கை! விமர்சித்தவர்களுக்கு பிரஸ் மீட்டில் அவர் சொன்ன பதில், ரன்னிங் பேக்குக்கு மதிப்பு குறைவு என்பதெல்லாம் கட்டுக்கதை என்பதுதான். கூடவே கம்ப்யூட்டரில் டைப் அடிப்பது மாதிரி விரலை ஆட்டி நக்கல் வேறு.

அந்த டைப் அடிக்கும் ஆசாமிகள் அப்படி என்னதான் சொன்னார்கள்?

2011-ல் வந்த தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, டிராஃப்டில் எடுக்கப்படும் வீரரின் சம்பளம் எந்த எண்ணில் எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்தது. எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதைப் பொறுத்ததல்ல. இரண்டாம் எண்ணுக்கு 2018-ல் நான்கு வருடத்துக்குச் சுமார் 31 மில்லியன் டாலர், அதாவது வருடத்துக்கு எட்டு மில்லியனுக்குச் சற்றுக் கீழே. குவார்ட்டர்பேக்கை எடுத்தாலும் இதே விலை, ரன்னிங் பேக்கை எடுத்தாலும் இதே விலை. இனி வெளிச்சந்தைக்கு வாருங்கள். அதே 2018 மார்ச்சில் கிர்க் கசின்ஸ் என்ற குவார்ட்டர்பேக்குக்கு மினசோட்டா கொடுத்தது மூன்று வருடத்துக்கு 84 மில்லியன், வருடத்துக்கு 28. சூப்பர் ஸ்டார் ரன்னிங் பேக் டாட் கர்லி அதே வருடம் ஜூலையில் வாங்கியது வருடத்துக்கு 14 மில்லியன் சொச்சம். அதாவது ஒரே எட்டு ரூபாய்க்கு 28 ரூபாய்ச் சரக்கும் கிடைக்கிறது, 14 ரூபாய்ச் சரக்கும் கிடைக்கிறது. இதில் எதை எடுப்பது என்று பி.காம். முதல் வருடப் பையனைக் கேட்டாலே சொல்லிவிடுவான். பாடப் புத்தகத்தில் இதற்குப் பெயர் வாய்ப்புச் செலவு.

அந்த வருடம் குவார்ட்டர்பேக் சரக்கே மட்டம், ஜாஷ் ரோசன் காணாமல் போனார், சாம் டார்னால்டும் ஜெட்ஸில் தேறவில்லை என்று எதிர்க்கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஜாஷ் ஆலன் ஏழாவதாகவும் லமார் ஜாக்சன் 32-வதாகவும் போனார்கள் என்று இன்றைக்குச் சுட்டிக்காட்டுவது போங்கு ஆட்டம்தான். விடை தெரிந்த பிறகு பரீட்சை எழுதுகிற கதை அது. ஆலன் பெயரை இழுக்காமலே ஜயன்ட்ஸின் தப்பை நிரூபிக்கலாம், ஏனென்றால் குவார்ட்டர்பேக் வேண்டாதவனுக்கு மூன்றாவது வழி ஒன்று திறந்தே கிடந்தது. இடத்தை விற்பது!

விலை என்ன என்பதுகூட ஊரறிந்த ரகசியம். டிராஃப்டுக்கு ஒரு மாதம் முன்பு மார்ச் 17-ல் நியூயார்க் ஜெட்ஸ், இண்டியானபோலிஸ் கோல்ட்ஸிடமிருந்து மூன்றாம் எண்ணை வாங்கியது. கொடுத்தது ஆறாம் எண், அந்த வருடத்தின் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகள், அடுத்த வருடத்தின் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு. மூன்றுக்கே இவ்வளவு என்றால் இரண்டுக்கு எவ்வளவு கேட்டிருக்கலாம்? விற்ற கோல்ட்ஸ் என்ன செய்தது என்பதுதான் இன்னும் சுவாரஸ்யம். ஆறாம் எண்ணில் குவென்டன் நெல்சன், வந்து சேர்ந்த 37-ம் எண்ணில் பிரேடன் ஸ்மித். இருவருமே முன்வரிசைத் தடியர்கள். அந்த சீசனில் கோல்ட்ஸ் குவார்ட்டர்பேக்கை எதிரணிகள் பந்தோடு மடக்கியது வெறும் 18 முறை. லீகிலேயே குறைவு. முந்தைய வருடம் 4-12 என்று கிடந்த அணி 10-6 ஆனது.

ஜயன்ட்ஸ்? 5-11. இதில் பார்க்லியைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. முதல் வருடமே 1,307 யார்டு ஓட்டம், 91 பந்துகள் பிடித்தது, மொத்தம் 2,028 யார்டு, தாக்குதல் பிரிவின் சிறந்த புதுமுக விருது. ஒரு ரன்னிங் பேக்கிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க என்ன இருக்கிறது? எல்லாம் கொடுத்தும் ஐந்தே வெற்றி! அவர் இருந்த ஆறு வருடக் கணக்கைக் கூட்டினால் 34 வெற்றி, 64 தோல்வி, ஒரு டிரா. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காசில்லாமல் நின்ற கதை.

சரி, ரன்னிங் பேக்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதே டிராஃப்டில் 34-ம் எண்ணும் ஜயன்ட்ஸ் கையில்தான் இருந்தது. 35-ல் கிளீவ்லாண்ட் எடுத்தது நிக் சப்பை. முதல் ஐந்து சீசன்களில் சப் ஓடியது 6,341 யார்டு, பார்க்லி 4,249. (2020-ல் இரண்டாவது மேட்சிலேயே பார்க்லியின் முழங்கால் தசைநார் கிழிந்தது, அதைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். சப்புக்கும் 2023-ல் முழங்கால் போனது. ஒரு முழங்காலை நம்பி இரண்டாம் எண்ணைப் பந்தயம் கட்டலாமா என்பதே தனிக் கேள்வி.) அதே வருடம் டிராஃப்டில் யாருமே சீண்டாத பிலிப் லிண்ட்சே டென்வருக்குப் போய் 1,037 யார்டு ஓடினார்.

இப்போது அந்த 2,005-க்கு வருவோம். 2023-ல் ஜயன்ட்ஸ் சட்டையில் பார்க்லியின் சராசரி ஓட்டத்துக்கு 3.9 யார்டு. 2024-ல் ஈகிள்ஸ் சட்டையில் 5.8. அதே கால்கள், ஒரு வயது கூடியிருக்கிறது, அவ்வளவுதான். மாறியது முன்னால் நின்ற ஐந்து பேர். இது தற்செயல் என்று நினைப்பவர்கள் எதிர்த்திசையில் பயணம் போனவர்களைப் பார்க்கட்டும். மைல்ஸ் சாண்டர்ஸ் 2022-ல் ஈகிள்ஸுக்காக 1,269 யார்டு, சராசரி 4.9. கரோலினா பெரிய ஒப்பந்தம் போட்டுக் கூட்டிக்கொண்டு போனது. 2023-ல் 432 யார்டு, சராசரி 3.3. அவர் இடத்துக்கு வந்த டிஆண்ட்ரே ஸ்விஃப்ட் ஈகிள்ஸில் 4.6, சிகாகோ போனதும் 3.8. உள்ளே வருபவர்கள் பறக்கிறார்கள், வெளியே போகிறவர்கள் தவழ்கிறார்கள். பார்க்லி இவர்கள் எல்லோரையும்விட ஒரு படி மேலான ஓட்டக்காரர், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மேன்மை வெளிச்சத்துக்கு வரவே முதலில் ரோடு போட்டிருக்க வேண்டும்.

அந்த ரோட்டை ஈகிள்ஸ் எங்கே வாங்கியது தெரியுமா? இடது மூலையில் நிற்கும் ஜார்டன் மைலாட்டா ஆஸ்திரேலிய ரக்பி ஆட்டக்காரர். அதுவரை ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச்கூட ஆடாதவர். அவரை எடுத்தது ஏழாம் சுற்றில், 233-ம் எண்ணில். எந்த டிராஃப்ட்? அதே 2018! இரண்டாம் எண்ணைச் செலவழித்து வாங்கிய ஆளுக்கு, அதே டிராஃப்டின் கடைசி மூலையில் கிடந்தவர் ஆறு வருடம் கழித்து வேறு ஊரில் வழி திறந்து விட்டார்.

இதில் பாவம் பார்க்லிதான். ரன்னிங் பேக்கின் நல்ல வயது குறுகியது. அதில் ஆறு வருடம் உருப்படாத அணியில் போனது. 2018-ல் குவார்ட்டர்பேக் எடுக்காத கடனை அடைக்க 2019-ல் ஆறாம் எண்ணில் டேனியல் ஜோன்ஸை எடுத்தார்கள். 2023 மார்ச்சில் ஜோன்ஸுக்கு நான்கு வருடம் 160 மில்லியன். பார்க்லிக்கு ஃபிரான்சைஸ் டேக் என்ற கயிற்றைக் கட்டி ஒரு வருடம் 10 மில்லியன் சொச்சம். ஜோன்ஸை 2024 நவம்பரில் அவர்களே அனுப்பிவிட்டார்கள். ஆக 2024 மார்ச்சில் பார்க்லி ஈகிள்ஸின் மூன்று வருட 37.75 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டபோது ஜயன்ட்ஸ் கையை விரித்ததைத் தப்பென்று சொல்ல முடியாது. முன்வரிசை இல்லாத அணிக்கு அந்தப் பணம் இன்னொரு தண்டம். 2024 அக்டோபர் 20-ல் பார்க்லி அதே மைதானத்துக்கு எதிரியாக வந்து 17 ஓட்டத்தில் 176 யார்டு எடுத்தார், ஈகிள்ஸ் 28-3 என்று ஜெயித்தது. ரசிகர்களுக்கு வயிறு எரிந்திருக்கும். எரியட்டும். ஆனால் 2024-ல் கையெழுத்துப் போடாத ஜோ ஷோனைத் திட்டிக்கொண்டே 2018-ல் டைப் அடித்துக் காட்டிய கெட்டில்மனுக்கு நல்லவர் சர்டிஃபிகேட் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

பார்க்லி போன பிறகு அந்த வேலையைப் பார்த்தவர் டைரோன் டிரேசி. 2024 டிராஃப்ட், ஐந்தாம் சுற்று, 166-ம் எண். அணி 3-14 என்று மண்ணைக் கவ்விய அந்த சீசனில் அவர் ஓடியது 839 யார்டு, சராசரி 4.4. முந்தைய வருடம் அதே இடத்தில் பார்க்லி ஓடியது 962, சராசரி 3.9.