ரெண்டு ட்ரம்பெட், கால் நொடி

அமெரிக்காவில் 'ட்ரம் கோர்' என்று மைதானத்தில் நடந்துகொண்டே வாசிக்கும் கலை உண்டு. 1972-ல் விஸ்கான்சினில் அதன் சாம்பியன்ஷிப் ஒன்று நடந்தது. ஊதுவதெல்லாம் பித்தளைதான், கிளாரினெட், புல்லாங்குழல் கிடையாது. எனக்குப் பிடிச்சது சோலோ இல்லை, ரெண்டு பேர் தள்ளி நின்று ஊதும் டூயட். ஏன்னா அதுதான் கஷ்டம்! மைதானம் 91 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். இந்தக் கோடியில் ஊதியது அந்தக் கோடிக்குப் போக கால் நொடி ஆகும். காதை நம்பினால் போச்சு! ட்ரம் மேஜரின் கையைப் பார்த்து ஊதணும்.

போன குடியரசு தினத்தில் நானும் என் நண்பனும் மைதானத்தின் ரெண்டு கோடியில் நின்று பியூகிள் ஊதி சொதப்பினோமே, ஞாபகம் இருக்கா? அவன்தான் லேட் என்று சண்டை போட்டேன். தப்பு அவன் மேல் இல்லை. சார், அடுத்த தடவை நடுவில் ஒருத்தரைக் கையசைக்க நிறுத்துங்க. அவன் இன்னும் என்னோடு பேசலை. இதைப் படிப்பான்.

– 9 'ஆ' பிரிவு