மலைக்கொரு மடம்

தோட்டத் தமிழில் "மலைக்குப் போதல்" என்றால் வேலைக்குப் போதல் என்பது பொருள். கொழுந்து பறிக்கும் இடம் மலை. கவ்வாத்து வெட்டும் இடம் மலை. விடியலிற் பிரட்டுக் களத்திற் பெயர் கொடுத்துவிட்டுக் கூடையுடன் ஏறும் இடமும் மலையே. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வாழும் நாமோ அதே சொற்றொடரை ஓய்வுக்கும் உல்லாசத்துக்கும் வழங்குகின்றோம். ஒரே மொழி பேசும் இரு சாராரிடையே ஒரு சொல் இவ்வாறு எதிரெதிர்ப் பொருள் கொண்டு நிற்பதை இவ்விழா மலரில் எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. விழா நினைவாக நம் பழைய மாணவர் சங்கம் யாது செய்யலாம் என்னும் வினா எழுந்துள்ளது. மண்டபம் என்பார் சிலர். மணிக்கூட்டுக் கோபுரம் என்பார் சிலர். நாம் கேட்பது பொகவந்தலாவை மலைச்சாரலில் மாணவர் தங்குவதற்கு எளியதொரு மடம்.

ஏன் பொகவந்தலாவை? நம் கல்லூரியிற் கற்றோர் பலர் மலைநாட்டுப் பாடசாலைகளில் ஆசிரியராயும், தோட்டங்களிற் கிளாக்கராயும், புகையிரத நிலைய அதிபராயும் பணி புரிந்தனர் என்பது ஒரு காரணம். அப்பள்ளத்தாக்கின் இயல்பு மற்றொன்று. அட்டனிலிருந்து நோர்வூட் வழியாக அங்குச் செல்லும் பாதை வளைந்து வளைந்து போகின்றது. ஊரை ஊடறுத்துப் பாயும் கெசல்கமுவ ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுந்து, மின்சாரம் தந்து, பின் மஸ்கெலியா ஓயாவுடன் கூடிக் களனி கங்கையாகிக் கொழும்பு மக்களின் தாகம் தீர்க்கின்றது. மேற்கே சிவனொளிபாதமலை, கிழக்கே ஹோர்ட்டன் சமவெளி. நடக்கும் கால் உள்ளவனுக்கு இதனினும் சிறந்த நடு இடம் இந்நாட்டில் இல்லை என்று துணிந்து கூறுவோம்.

இம்மலைகளில் விடுதி கட்டித் தங்கும் வழக்கம் புதியதன்று. ஆனால் அது யாருக்காக இருந்தது என்பதே கேள்வி. நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்களை ஏவி மரைகளைத் துரத்திய கதையைத் தாமே நூலாக எழுதினார். ஹோர்ட்டன் சமவெளியில் தோமஸ் ஃபார் என்னும் துரையின் பெயரால் வழங்கும் 'ஃபார் இன்' முன்னர் வேட்டைக்காரர் விடுதியாக இருந்து, இன்று பார்வையாளர் நிலையமாக உள்ளது. அங்கே யானைக் கூட்டம் இருந்ததென்றால் இப்போது நம்ப முடியாது, ஒன்றும் எஞ்சவில்லை. காடாவது எஞ்சியமைக்கு, 5,000 அடிக்கு மேலுள்ள வனத்தைத் தொடாது விடுக என்று 1873 இல் ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரவியல் அறிஞர் கூறிய அறிவுரைக்குக் கடமைப்பட்டுள்ளோம். அச்சமவெளி 1988 இல் தேசிய வனமாயிற்று. 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது.

பொகவந்தலாவைப் பக்கத்திலோ வேட்டை விடுதியின் இடத்தைத் துரை பங்களா பிடித்துக்கொண்டது. 2005 ஆம் ஆண்டு முதல் 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' என்னும் பெயரில் இப்பகுதியின் பழைய பங்களாக்கள் சில விருந்தினர் இல்லங்களாயின. அவற்றுள் 1888 இல் எழுந்த தியன்சின் பங்களா பொகவந்தலாவையிலேயே உள்ளது. பழைய மரத்தளபாடமும், கணப்படுப்பும், அப்பு சமைத்த உணவும், புல்வெளியில் மாலைத் தேநீருமாக அவை சிறப்புற நடைபெறுகின்றன. கட்டடம் இடிந்து போகாமற் காத்தமைக்கும், ஊரவர் சிலருக்கு வேலை தந்தமைக்கும் பாராட்டலாம். ஆயினும் அத்தகைய இல்லங்களில் ஓரிரவு தங்குவதற்குரிய பணம், அதே மலையிற் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் ஒரு மாத ஊதியத்தை எளிதில் விஞ்சும். 2024 இல் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதை நினைவிற் கொண்டு வாசகரே கணக்கிட்டுக் கொள்க. கணக்கு அத்துணைக் கடினமன்று.

அவ்வூர்த் தூய மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், 1879 இல் இறந்த ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் துயில்கின்றார். அவர் தம் கணவருடன் 1875 இல் இலங்கை வந்து, தோட்டத்து மக்களையும் படம் பிடித்தவர். வெளிநாட்டவர் அக்கல்லறையைத் தேடி வருகின்றனர், வரட்டும். படத்தில் உள்ளோரின் வழிவந்த பிள்ளைகள் அப்படங்களைப் பார்த்திருப்பார்களா என்பதே நம் உள்ளத்தை உறுத்துவது.

நிற்க. தமிழருக்கு விடுதி என்னும் எண்ணம் துரைமார் கற்பித்ததன்று. வடக்கே பருத்தித்துறையில் தெருவுக்குக் குறுக்கே கூரையிட்டு நிற்கும் தெருமூடிமடத்தை அறியாதார் நம்முள் இலர். மடம், அதன் அருகே கேணி, சுமைதாங்கி, மாடு உரோஞ்சுவதற்கு ஆவுரோஞ்சிக் கல் என்று வழிப்போக்கனுக்கும் அவன் மாட்டுக்கும் வேண்டியவற்றை நம் முன்னோர் வகுத்துக் கட்டினர். வருவோன் யாரென்று கேட்கவில்லை, பணமும் கேட்கவில்லை. சிவனொளிபாதமலைக்கு ஏறும் வழியிலும் அடியார் இளைப்பாற அம்பலங்கள் உண்டு. சைவரும் பௌத்தரும் பிறரும் ஒரே கூரையின் கீழ் மழைக்கு ஒதுங்குவர். நாம் கேட்கும் மலை விடுதி இவ்வினத்தைச் சேர்ந்தது.

மேனாட்டிலும் இதற்கு உறவு உண்டு. ஜேர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்னும் பள்ளி ஆசிரியர் 1909 இல் தம் மாணவருடன் நடைப்பயணம் போகையில் இடிமழையில் அகப்பட்டு, ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். வைக்கோற் படுக்கையிற் பிள்ளைகள் உறங்க, அவர் மனத்தில் இளைஞர் விடுதி என்னும் கருத்து உதித்தது. 1912 இல் ஆல்ற்றெனா கோட்டையில் அது நிலைபெற்றது. நோர்வே நாட்டில் 1868 இல் தோன்றிய மலையேறுவோர் சங்கத்தின் குடில்கள் இன்னும் வியப்புக்குரியன. சங்கத்து உறுப்பினர் கையில் ஒரு திறவுகோல் இருக்கும்; குடிலில் விறகும் உணவும் இருக்கும்; காவலர் இல்லாத குடிலிலும் தங்குவோர் தாமே சமைத்து, தாமே கூட்டித் துடைத்து, எடுத்ததைக் குறித்துப் பணத்தைச் செலுத்திவிட்டுச் செல்வர். நம்மவரிடம் இது நடக்குமா என்று புன்னகைப்போர் உளர். நம் விடுதிச்சாலையில் வளர்ந்தோர் அவ்வாறு புன்னகைத்தல் தகுமோ?

ஆண்டு முழுவதும் மலையில் யாது செய்வது என்று கேட்பர். மார்கழி முதல் வைகாசிப் பூரணை வரை யாத்திரைக் காலம். தை, மாசியில் வானம் தெளிந்து, விடியற் பனி புல்லில் வெண்மை பூக்கும். அந்நாட்களிற் பறிக்கும் கொழுந்தே அம்மேற்குச் சாரலின் உயர்ந்த தேயிலை. வைகாசிக்குப் பின் நாம் சோளகம் என்று சொல்லும் தென்மேல் காற்று மேகத்தை வாரிக்கொண்டு அப்பள்ளத்தாக்கில் மோதும். மூடுபனியும் அட்டையும் மிகுந்த அக்காலத்தில் உப்பும் சவர்க்காரமும் கையிலின்றி நடக்கப் புறப்படுதல் அறிவீனம். ஆனால் அப்போதே ஓடைகளின் பெருக்கை அளக்கலாம். தொழிற்சாலையிற் கொழுந்து வாடி, அரைபட்டு, நிறம் மாறி, உலரும் முறையைக் காணலாம். மலையின் மறுபுறத்து ஊவாவிலோ அம்மாதங்களில் வெயில் காயும். ஒரே மலையின் இரு பக்கத்தில் இரு பருவம் நிலவுவதைப் புவியியற் புத்தகத்திற் படித்த மாணவன் ஒரே வாரத்தில் இரண்டிலும் நடந்து பார்த்தால் பின்னர் அதை மறப்பானா? கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 'பீக்கோ' நடைபாதை, 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, பொகவந்தலாவையையும் தொட்டுச் செல்கின்றது. பழைய தோட்டத்துப் பாதைகளை இணைத்தே அது அமைந்தது; அப்பாதைகளை வெட்டியோர் யாவர் என்று சொல்ல வேண்டுவதில்லை.

இனி, நாம் மதிக்கும் மறுப்பு ஒன்று உண்டு. லயத்துக் காம்பராவில் மழை ஒழுக, இளைப்பாறும் மடம் ஒரு கேடா என்பதே அது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, 1964 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட மக்களுக்கு முதலில் வேண்டுவது ஏழு பேர்ச்சஸ் நிலமும் சொந்தக் கூரையும். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோது கூடியிருந்த கூட்டமே அதற்குச் சான்று. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வீடு தருவது அரசுகளின் கடன்; பழைய மாணவர் சங்கமொன்று அதற்கு ஈடாக முடியாது. எமக்கு இயன்றது சிறிது. மண்டபத்துக்கும் கோபுரத்துக்கும் எழாத இவ்வினா மடத்துக்கு மட்டும் எழுவது ஏன் என்றும் கேட்க வைக்கின்றது. ஓய்வு வயிறு நிறைந்தவனுக்கே உரியது என்னும் பழைய துரைத்தன எண்ணம் நம் இரக்கத்துக்குள்ளும் ஒளிந்திருக்கின்றது போலும்.

ஆகவே மடத்துக்கு ஒரு நிபந்தனை வேண்டும். நம் மாணவர் பத்துப் பேர் தங்கினால், அவ்வூர்த் தோட்டப் பாடசாலை மாணவர் பத்துப் பேரும் உடன் தங்க வேண்டும். ஆணும் பெண்ணும் தத்தம் ஆசிரியருடன். வழிகாட்டுவோர் அவ்வூர் இளைஞராக, உரிய ஊதியம் பெறுவோராக இருத்தல் வேண்டும். அந்த மலையிற் பிறந்த பிள்ளை ஒருநாளேனும் கூடையின்றி அதன் உச்சிக்கு ஏறட்டும்.

புதுக் கட்டடம் எழுப்புதல் வேண்டா. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் மலைநாட்டில் எத்தனை உயிர்களைக் கொண்டன என்பதை யாவரும் கண்டோம். சரிவை வெட்டி மடம் கட்டுதல் அறமாகாது. தோட்டங்களில் ஆளின்றிக் கிடக்கும் உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸ் ஒன்றைக் குத்தகைக்குப் பெறலாம். நிலம் அரசுடையது, 1992 முதல் நிருவாகம் கம்பனிகளிடம் உள்ளது, ஆதலின் இருவரிடமும் பேச வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இடத்தைப் பார்த்து இசைவு தந்த பின்னரே ஒரு சதமும் செலவிட வேண்டும். கூரை, கிணறு, கழிப்பிடம், இருபது பாய், ஒரு நூலடுக்கு. வேறு அலங்காரம் எதற்கு?

சங்கத்தின் அடுத்த பொதுக் கூட்டத்தில் இதனை ஒரு பிரேரணையாகவே முன்வைக்க உள்ளோம். பொறியியல் கற்ற பழைய மாணவர் ஒருவரும், பொகவந்தலாவையிற் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரும், தோட்டத் தொழிலாளர் சார்பில் ஒருவரும் சேர்ந்த மூவர் குழு மூன்று மாதத்துள் இடம் பார்த்து அறிக்கை தருவதற்கு அது வழி செய்யும். வழிமொழிய விரும்புவோர் கூட்டத்துக்கு முன்னரே செயலாளருக்கு எழுதுவாராக.