யோகம் நம்முடையது என்று சொல்ல நமக்கு யோக்கியதை இருக்கா?



போன ஞாயிறு ஆலய மண்டபத்தில் யோகா வகுப்புக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தோம். ஒருத்தர் வந்து, "ஆரம்பத்துல ஓம் சொல்றத விட்டுடலாம் லா, வெறும் எக்சர்சைஸ்தானே இது" என்றார். பக்கத்தில் நின்றவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யோகா நம்ம சொத்து! அதை மாத்த நீ யாரு?" என்று சத்தம் போட்டார். தொண்டூழியர்கள் நாங்கள் இருவரையும் சமாதானம் செய்து உட்கார வைத்தோம். பிறகு எங்களுக்குள் பேசிப் பார்த்தோம். ரெண்டு பேர் சொன்னதும் தப்புதான்.

முதலில் அந்த 'வெறும் எக்சர்சைஸ்'. பதஞ்சலி யோக சூத்திரத்தில் ஏறக்குறைய 195 சூத்திரங்கள். ஆசனத்தை நேராகச் சொல்பவை 3 மட்டுமே. எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது படி. ஓங்காரம் ஈசுவரனைக் குறிக்கும் சொல் என்று அதே நூல் சொல்கிறது. அப்படியிருக்க, ஓம் எப்படிக் கூடுதல் சமாச்சாரம் ஆகும்?

நம் புராணங்களும் இதைத்தான் சொல்கின்றன. வியாழக்கிழமைதோறும் கொண்டைக்கடலை மாலை சாத்துகிறோமே தட்சிணாமூர்த்திக்கு, அவர்தான் கல்லால மரத்தடியில் சனகாதி முனிவர் நால்வருக்கு மௌனத்தாலேயே உபதேசித்த யோக குரு. ஆதிசேடனின் அவதாரமாகிய பதஞ்சலி, வியாக்கிரபாதரோடு தில்லையில் தவம் கிடந்தது ஈசனின் ஆனந்த நடனத்தைக் காண. ஈசன் உமைக்குச் சொன்ன யோகத்தை மீனுக்குள் இருந்து கேட்டவர் மச்சேந்திரர். இவர்களில் யாரும் எடை குறைக்கப் போகவில்லை!

2008இல் மலேசிய தேசிய ஃபத்வா மன்றம், முஸ்லிம்கள் யோகா செய்யக் கூடாது என்றது. அதில் மந்திரமும் வழிபாடும் கலந்திருக்கின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். அது அவர்கள் சமயத்துக்கு அவர்கள் எடுத்த முடிவு, அதில் நமக்கு வேலையில்லை. ஆனால் வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்தது, உள்ளே இருக்கும் நமக்கு மறந்துபோச்சே!

அடுத்து அந்த 'நம்ம சொத்து'. யோகத்தின் முதல் படி யமம். அகிம்சை, சத்தியம், திருடாமை, பிரம்மச்சரியம், பொருளைப் பிடித்து வைக்காமை. திருமூலரும் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் இயம நியமத்திலிருந்துதான் எட்டு அங்கங்களைத் தொடங்குகிறார். நாம் என்ன செய்கிறோம்? அன்னதான வரிசையில் வயசானவங்கள இடித்துக்கொண்டு முன்னால் போய் அஞ்சு பொட்டலம் தாப்பாவ் பண்ணுகிறோம். சரியா தவறா என்று பார்க்காமல் வாட்ஸ்அப் குழுவில் அடுத்தவர் பெயரைக் கெடுக்கிறோம். சொத்து என்று சண்டை போடும்போதே ஐந்தாவது யமம் போய்விட்டது. முதல் படியிலேயே கால் வைக்காதவர்கள் ஜூன் 21 அன்று மட்டும் மார் தட்டினால் யார் மதிப்பார்கள்?

அதனால் எங்கள் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஞாயிறு தட்சிணாமூர்த்தி சன்னிதியில் ஓம் சொல்லித்தான் வகுப்பு தொடங்கும். கைத்தொலைபேசி பைக்குள் இருக்கட்டும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருவோம். வாரம் ஒரு யமத்தை எடுத்து அன்னதானக் கூடத்திலேயே பழகுவோம். சீன நண்பர்கள் ஆசையோடு வந்தால் அன்போடு சொல்லிக்கொடுப்போம். எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் யாருக்காகவும் மறைக்க வேண்டாம்.

கோபம் வந்தவங்க மன்னிக்கணும். இதில் எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

திருச்சிற்றம்பலம்.