துடைப்பத்தின் மேல் பழி போடாதீர்!



எங்கள் பள்ளியின் மாணவர் வருகைப் பதிவுகள் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் உள்ளன. சில மாதங்களாக அது ஆமை வேகத்தில் நகர்ந்தது. பார்க்க வந்த கணினி நிறுவனத்தார், "ஆட்டோவேக்யூம் ஓயாமல் ஓடுகிறது, அதுதான் காரணம்" என்று கூறி, அதனை நிறுத்திவிட்டுச் சென்றனர். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரத்தில், ஒரு வகுப்பின் வருகையைக் கேட்டால் விடை வருவதற்குள் ஓய்வுநேர மணி அடித்துவிட்டது!

வீட்டில் குப்பை மிகுந்துவிட்டது என்பதற்காகக் கூட்டுபவரை வேலையை விட்டு நீக்குவது எவ்வகை அறிவுடைமை?

போஸ்ட்கிரசில் ஒரு பதிவைத் திருத்தினால் பழைய பதிவு உடனே அழிவதில்லை. புதிய பதிவு தனியே எழுதப்படுகிறது. பயனற்றுப்போன பழைய பதிவுகளை அகற்றுவதும், வினவலுக்கு ஏற்ற வழியைத் தேர்ந்தெடுக்க உதவும் புள்ளிவிவரங்களைப் புதுப்பிப்பதும் ஆட்டோவேக்யூமின் கடமைகள். அதனை நிறுத்தினால் குப்பையும் சேரும்; கணக்கும் பொய்க்கும். 2008இல் வெளிவந்த 8.3ஆம் பதிப்பு முதல் அது தானாகவே இயங்கும்படி அமைத்தவர்கள் காரணமின்றியா அமைத்தார்கள்?

உண்மைக் குற்றவாளியை நானே தேடினேன். வருகைப் பதிவு மென்பொருள் ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கி, முடிக்காமலே விட்டிருந்தது. அலுவலகக் கணினியோ அணைக்கப்படுவதே இல்லை. திறந்து கிடக்கும் பரிவர்த்தனைக்குப் பழைய பதிவுகள் தேவைப்படலாம் என்பதால், அது தொடங்கிய பின் பயனற்றுப்போன எதனையும் அகற்ற இயலாது. துடைப்பம் ஓடியது, குப்பை அகலவில்லை. அந்த மென்பொருளை எழுதியவர்கள் யார் தெரியுமா? துடைப்பத்தை நிறுத்திய அதே நிறுவனத்தார்!

இன்னொன்றும் உண்டு. இயல்பு அமைப்பின்படி, 50 பதிவுகளோடு அட்டவணையின் 20 விழுக்காடும் சேர்ந்த அளவைப் பயனற்ற பதிவுகள் தாண்டினால்தான் துப்புரவு தொடங்கும். பத்து இலட்சம் பதிவுகள் என்றால் 200,050! புள்ளிவிவரத்திற்கு 10 விழுக்காடு. பெரிய அட்டவணைக்கு மட்டும் இவ்விகிதங்களைக் குறைத்தல் வேண்டும். ஆட்டோவேக்யூமை அடிக்கடி ஓடவிடுவதே மருந்து, நிறுத்துவதன்று.

எனவே அன்பர்களே, பழி கூறுமுன் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் எந்தப் பரிவர்த்தனை முடியாமல் கிடக்கிறது என்று பாருங்கள். பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ் பட்டியலில் கடைசித் துப்புரவு எப்போது நடந்தது, பயனற்ற பதிவுகள் எத்தனை என்று பாருங்கள். இரண்டையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாதவர்களுக்குத்தான் நாம் பள்ளிப் பணத்தைக் கொடுக்கிறோம்.

சிந்திப்போம்!