மீதி எங்கே?

நம் சோதனைச்சாலைக் குறிப்பேட்டில் விளைச்சலுக்கு ஓர் இடம் உண்டு, மீதிக்கு இல்லை. இது சிறு குறை அன்று என்பது என் கருத்து.

இரசாயன மாற்றத்தில் பொருண்மை பிறப்பதுமில்லை, அழிவதுமில்லை என்று லவாசியே 1789-ல் தம் நூலில் எழுதினார். பரீட்சையில் அதை எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். பிறகு ஆஸ்பிரின் செய்கிறோம். சாலிசிலிக் அமிலம் 138 கிராம், அசெட்டிக் அன்ஹைட்ரைடு 102 கிராம், ஆக 240. ஒரு துளியும் வீணாகாமல் நடந்தாலும் கிடைக்கும் ஆஸ்பிரின் 180 கிராம்தான். மற்ற 60 கிராம் அசெட்டிக் அமிலம். அதை யார் தேடுகிறார்கள்? தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டால் கதை முடிந்தது!

"காடியில் இருப்பதுதானே, யாருக்கு என்ன கேடு?" என்பீர்கள். சரி, அந்த அறுபது கிராமை விட்டுவிடுவோம். மருந்துத் தொழிலில் ஒரு கிலோ சரக்குக்கு 25 கிலோ முதல் 100 கிலோவுக்கு மேலும் கழிவு விழுகிறதென்று ஷெல்டன் என்ற இரசாயன அறிஞர் 1992-ல் கணக்குக் காட்டினார். நம் ஐதராபாத்தோ மருந்துத் தொழிலால் பேர்பெற்ற நகரம்.

நகருக்கு வடமேற்கே பட்டஞ்செருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம் இருந்தது. அங்கே சுத்தம் செய்து வெளிவிட்ட நீரையே சுவீடன் நாட்டு லார்சன் குழுவினர் சோதித்து, முடிவை 2007-ல் வெளியிட்டனர். சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் கிருமிகொல்லி லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது! சிகிச்சை பெறும் நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம். ஒரே நாளில் சுமார் 44 கிலோ வெளியேறியதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். விற்கவேண்டிய மருந்தே ஓடையில் போயிருக்கிறது. அந்த நீரில் பிழைத்துப் பழகிய கிருமிக்கு நாளை அதே மருந்தைக் கொடுத்து என்ன பயன்?

பின்னர் அக்கழிவுநீரைக் குழாய் வழியே நகரச் சாக்கடையில் சேர்த்து அம்பர்பேட்டைக்குத் திருப்பினார்கள். நம் உஸ்மானியா வளாகத்துக்குப் பக்கத்து ஊர்தான்; மூசி நதிக்கரை. ஓடையோரத்து உழவருக்கு அது நல்லதாகவே இருக்கலாம். ஆனால் குழாய் இடத்தை மாற்றுமே தவிர எடையைக் குறைக்காது. சுத்திகரிப்பும் அப்படித்தான்: நுண்ணுயிர் தின்றது கரியமில வாயுவாகும், படிந்தது சேறாகும், மிஞ்சியது நதிக்குப் போகும். மூன்றையும் நிறுத்துப் பார்த்தால்தான் எது எவ்வளவு என்று தெரியும்.

என் யோசனை ஒன்றே. அடுத்த பருவம் முதல் குறிப்பேட்டில் இன்னொரு பத்தி வரைவோம். எடுத்தது எத்தனை கிராம், கிடைத்தது எத்தனை, மீதி எந்த உருவில் எங்கே போயிற்று என்று அதில் எழுதுவோம். ஆசிரியர் கேட்கவேண்டுமென்று காத்திருக்க வேண்டாம், ஆஸ்பிரினிலிருந்தே தொடங்கலாம்.