ஹம்பேர்க் மக்களின் மறுப்பு: நிவாரணப் பணமும் உரிமைப் பணமும்

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 12ஆம் திகதி ஹம்பேர்க் வாக்காளர் முன் இரு பிரேரணைகள் வைக்கப்பட்டன. 2040ஆம் ஆண்டளவில் நகரம் காலநிலைச் சமநிலையை எட்டவேண்டும் என்ற பிரேரணையை அவர்கள் சிறு பெரும்பான்மையால் ஏற்றுக்கொண்டனர். 2,000 பேருக்கு மூன்று ஆண்டுகள் மாதந்தோறும் நிபந்தனையற்ற அடிப்படை வருமானம் வழங்கிப் பரீட்சித்துப் பார்க்கவேண்டும் என்ற மற்றையதை நிராகரித்தனர். வாக்களித்த பத்துப் பேரில் ஆறு பேருக்கும் அதிகமானோர் அதற்கு எதிராக நின்றனர். பரீட்சார்த்தத்தின் செலவு கூடியபட்சம் 50 மில்லியன் யூரோ என மதிப்பிடப்பட்டிருந்தது.

எம்மவர் மத்தியில் இச்செய்தி பெரிதாகப் பேசப்படவில்லை. ஜேர்மன் குடியுரிமை இல்லாதவருக்கு அந்த வாக்கெடுப்பில் இடமில்லை என்பதால் அதில் வியப்பும் இல்லை. ஆனால், அரசு ஒரு மனிதனின் கையில் காசைக் கொடுத்துவிட்டு எதற்குச் செலவழித்தாய் என்று கேளாதிருக்குமா என்ற கேள்வி, இந்நாட்டில் வேறெவரையும்விட அகதிகளுக்கே பழக்கமான கேள்வியாகும்.

மறுத்தவர்கள் முன்வைத்த காரணங்கள் இரண்டு. ஒன்று செலவு. மற்றையது, இதுபற்றிய ஆய்வுகள் ஏற்கனவே உள்ளன என்பது. இரண்டாவது காரணத்தில் ஓரளவு உண்மை உண்டு. பேர்லினைத் தளமாகக் கொண்ட 'மைன் குருண்ட்ஐன்கொம்மன்' என்ற அமைப்பு, ஜேர்மன் பொருளாதார ஆய்வு நிறுவனத்துடன் இணைந்து 2021 ஜூன் முதல் 2024 மே வரை 122 பேருக்கு மாதம் 1,200 யூரோ வழங்கியது. பணம் பொதுமக்களின் நன்கொடை. 2025 ஏப்ரலில் வெளியான முடிவுகளின்படி, பணம் பெற்றவர்கள் வேலையை விட்டு ஓடிவிடவில்லை. பணம் பெறாத ஒப்பீட்டுக் குழுவினரைப் போலவே சராசரியாக வாரத்துக்கு 40 மணி நேரம் உழைத்தனர். 'சும்மா கொடுத்தால் சோம்பேறியாவான்' என்ற பழைய வாதத்துக்கு இந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. எனினும் தெரிவுசெய்யப்பட்டோர் யாவரும் 21 முதல் 40 வயது வரையான, தனித்து வாழும், நடுத்தர வருமானம் உள்ளவர்கள். மூன்று பிள்ளைகளுடன் வாழும் துப்புரவுத் தொழிலாளியைப் பற்றியோ, ஹைமில் ஓர் அறையில் வாழும் குடும்பத்தைப் பற்றியோ இந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை. ஆகவே ஆய்வுகள் போதும் என்ற வாதத்தை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை.

அடிப்படை வருமானத்தை ஆதரிப்போர் அமெரிக்காவைச் சுட்டிக்காட்டுவதுண்டு. கலிபோர்னியாவின் ஸ்டொக்டன் நகரம் 2019இல் 125 பேருக்கு மாதம் 500 டொலர் வழங்கியபோது அது தனியார் நன்கொடையால் நடந்த சிறு முயற்சி. 2021 மார்ச்சில் நிலைமை மாறியது. பெருந்தொற்று நிவாரணமாக வொஷிங்டன் நிறைவேற்றிய சட்டம், மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் ஏனைய உள்ளூராட்சி அமைப்புகளுக்கும் 350 பில்லியன் டொலரை ஒதுக்கியது. அதை எப்படிச் செலவிடுவது என்பதில் நகரங்களுக்குப் பரந்த சுதந்திரம் இருந்தது. தொற்றினால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுப்பதும் அனுமதிக்கப்பட்டது. சிக்காகோ நகரம் 31.5 மில்லியன் டொலரை ஒதுக்கி, 5,000 குடும்பங்களுக்கு ஓராண்டு காலம் மாதம் 500 டொலர் வழங்கியது. அந்நகரை உள்ளடக்கிய குக் மாவட்டம் 42 மில்லியன் டொலரில் 3,250 குடும்பங்களுக்கு இரண்டு ஆண்டுகள் வழங்கியது.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்கவேண்டும். சிக்காகோவில் அந்த 5,000 இடங்களுக்கு விண்ணப்பித்தோர் ஒரு இலட்சத்து எழுபதாயிரத்துக்கும் அதிகம். தெரிவு குலுக்கல் முறையில் நடந்தது. ஏறத்தாழ முப்பத்தைந்து பேரில் ஒருவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. மற்றவர்கள் அதே வறுமையுடன் வீடு திரும்பினர். பணத்துக்கு முடிவுத் திகதியும் இருந்தது. 2024 டிசெம்பர் 31க்குள் நிதி ஒப்பந்தப்படுத்தப்படவேண்டும், 2026 இறுதிக்குள் செலவழிந்துவிடவேண்டும் என்பது சட்டம். டெக்சாஸில் நிலை இன்னும் மோசம். ஹூஸ்டனை உள்ளடக்கிய ஹரிஸ் மாவட்டம் ஏறத்தாழ 1,900 குடும்பங்களைத் தெரிவுசெய்து, முதற் கொடுப்பனவு தொடங்கவிருந்த வேளையில், மாநில சட்டமா அதிபர் வழக்குத் தொடுத்தார். மாநில உச்சநீதிமன்றம் 2024 ஏப்ரலில் திட்டத்தை இடைநிறுத்தியது. குக் மாவட்டம் மட்டும் விதிவிலக்காக, 2026ஆம் ஆண்டுக்கான தனது சொந்த வரவுசெலவுத் திட்டத்தில் தொடர்ந்து நிதி ஒதுக்கியது. நிவாரணமாக வந்த பணம் உள்ளூர் வரிப்பணமாக மாறும்வரை அது யாருக்கும் உறுதியானதல்ல என்பதை அந்த மாவட்டத்தார் விளங்கிக்கொண்டனர் எனலாம்.

ஜேர்மன் நகரம் ஒன்று இவ்வாறு சமஷ்டி நிவாரண நிதியைக் குடும்பங்களுக்குப் பங்கிட முடியுமா? நடைமுறையில் முடியாது. சமஷ்டி அரசு மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் கொடுக்கும் நிதியுதவியை அடிப்படைச் சட்டத்தின் 104பி பிரிவு முதலீடுகளுடன் பிணைத்து வைத்துள்ளது. 2020இல் தொற்றுக் காலத்தில் நகரங்கள் இழந்த தொழில்வரி வருமானத்தை ஈடுசெய்யவே அடிப்படைச் சட்டத்தைத் திருத்தி, ஒருமுறைக்கு மட்டுமான புதிய பிரிவொன்றைச் சேர்க்கவேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய உதாரணம் 2023 நவம்பர் 15ஆம் திகதி கார்ல்ஸ்றூவ நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. தொற்றைச் சமாளிக்க அனுமதிக்கப்பட்டு மிஞ்சிய 60 பில்லியன் யூரோ கடன் அதிகாரத்தைக் காலநிலை நிதிக்கு மாற்றியது செல்லாது என்று நீதிபதிகள் கூறினர். ஓராண்டுக்குள் சமஷ்டிக் கூட்டரசே கவிழ்ந்ததற்கு இத்தீர்ப்பு உண்டாக்கிய நிதி நெருக்கடியும் ஒரு காரணம். 2025இல் நாடாளுமன்றம் 500 பில்லியன் யூரோ விசேட நிதியை உருவாக்கி, அதில் 100 பில்லியனை மாநிலங்களுக்கு ஒதுக்கியது. ஒரு நகரமே மாநிலமாகவும் விளங்கும் ஹம்பேர்க்குக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அது பாலம், பாடசாலை, தண்டவாளம், மருத்துவமனை ஆகியவற்றுக்கான பணம். குடும்பத்தின் கையில் கொடுப்பதற்கான பணமல்ல.

அப்படியாயின் அமெரிக்க ஏழை அதிர்ஷ்டசாலியா? நாம் அவ்வாறு கருதவில்லை. 2010 பெப்ரவரி 9ஆம் திகதி அதே கார்ல்ஸ்றூவ நீதிமன்றம், மனித கண்ணியத்துக்கு ஏற்ற குறைந்தபட்ச வாழ்வாதாரம் ஓர் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. வேலைதேட மறுத்தவரின் உதவித்தொகையை 30 சதவீதத்துக்கும் மேல் வெட்டிய நடைமுறையை 2019 நவம்பர் 5ஆம் திகதித் தீர்ப்பு அரசியலமைப்புக்கு முரண் என்றது. 'பூர்கர்கெல்ட்' என்ற பெயரில் 2024இலும் 2025இலும் தனிநபருக்கு மாதம் 563 யூரோவும் வாடகையும் வழங்கப்பட்டன. இத்தொகை தாராளமானதல்ல, கேள்விகளும் படிவங்களும் ஏராளம். ஆயினும் குலுக்கல் இல்லை, முடிவுத் திகதி இல்லை, மறுக்கப்பட்டால் சமூக நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம்.

எமது நாட்டில் 'நிவாரணம்' என்ற சொல்லின் பாரத்தை எம்மவருக்கு விளக்கவேண்டியதில்லை. இடம்பெயர்ந்து சங்கக்கடை வாசலில் நிவாரண அட்டையுடன் நின்றவர்கள் நாம். ஆழிப்பேரலைக்குப் பின் 2005 ஜூன் 24ஆம் திகதி கைச்சாத்தான பொதுக்கட்டமைப்பு, வடக்கு கிழக்குக்கு நிதியைக் கொண்டுசெல்லும் என்று நம்பியிருந்த வேளையில், அடுத்த மாதமே கொழும்பு உச்சநீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் முடங்கிப்போனது. கருணையாகக் கொடுக்கப்படுவதை ஒரு கையொப்பத்தால் நிறுத்தலாம். தமிழ்நாட்டில் 2023 செப்டெம்பர் 15ஆம் திகதி ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் 1,000 ரூபா வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது அதற்கு 'உரிமைத்தொகை' என்று பெயரிட்டனர். பெயரில் உள்ள உரிமையை எந்த நீதிமன்றமும் இன்னும் வாழ்வாதார உரிமையாக நிலைநாட்டவில்லை என்றாலும், அச்சொல்லைத் தெரிந்தெடுத்தது வெறும் அலங்காரமல்ல என்றே எண்ணுகிறோம்.

ஆனால் ஜேர்மனியில் அந்த உரிமை எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புகலிடக் கோரிக்கையாளர் உதவிச் சட்டம் எம்மைப் பொதுச் சமூக உதவியிலிருந்து வேறாக்கியது. காசுக்குப் பதிலாகப் பொருள் என்பது அதன் கொள்கை. உணவுப் பொதியும், கைச்செலவுக்கு மாதம் 80 மார்க்கும் பலருக்கு நினைவிருக்கும். பொருட்கூப்பன்களை வாங்கிக்கொண்டு காசு தந்த ஜேர்மன் நண்பர்களும் நினைவிருப்பர். அத்தொகை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கூட்டப்படவேயில்லை. 2012 ஜூலை 18ஆம் திகதி கார்ல்ஸ்றூவ தலையிட்டு, அத்தொகை வெளிப்படையாகவே போதாது என்றும், குடியேற்றத்தைத் தடுக்கும் நோக்கத்துக்காக மனித கண்ணியத்தைக் குறைத்துக் கணிக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பு இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி வேலி நெருங்கிவருகிறது. 2024 பெப்ரவரியில் நாட்டின் மாநிலங்களில் முதலாவதாக ஹம்பேர்க் முதல் வரவேற்பு முகாம்களில் உள்ளோருக்கு 'சோசியல் கார்ட்' என்ற அட்டையை அறிமுகப்படுத்தியது. வளர்ந்தவர் ஒருவர் மாதம் 50 யூரோவை மட்டுமே காசாக எடுக்கலாம். மிகுதியை அட்டை ஏற்கும் கடைகளில் செலவிடவேண்டும். 1993இன் 80 மார்க் இன்றைய நாணயத்தில் சுமார் 41 யூரோ என்பதை வாசகர் கணக்கிட்டுப் பார்க்கலாம். முப்பது ஆண்டு விலையேற்றத்தின் பின்னும், கையில் படும் காசில் ஏறியது ஒன்பது யூரோ. அதே பெப்ரவரியில், பொது உதவிக்கு ஒத்த தொகையைப் பெறுவதற்கான காத்திருப்பு 18 மாதத்திலிருந்து 36 மாதமாக நீட்டப்பட்டது. மே மாதத்தில் அட்டைமுறை சமஷ்டிச் சட்டத்தில் இடம்பெற்றது. தனிநபர் தொகை 2024இல் 460 யூரோவாக இருந்து 2025இல் 441 ஆகக் குறைக்கப்பட்டது. முன்னர் கூப்பன் மாற்றியவர்களின் வழித்தோன்றல்கள்போல, இன்று பல நகரங்களில் உதவிக் குழுக்கள் அட்டையால் வாங்கிய அங்காடிப் பற்றுச்சீட்டுகளைக் காசாக மாற்றிக் கொடுக்கின்றன.

ஒரே நகரம் இருபது மாத இடைவெளியில் எடுத்த இரண்டு முடிவுகளும் ஒரே அவநம்பிக்கையிலிருந்து பிறந்தவை என்பது எமது கருத்து. இவற்றில் அகதிக்கு வலிப்பது முதலாவது. 2,000 பேரின் பரீட்சார்த்தம் தோற்றதால் எவரும் இருந்ததை இழக்கவில்லை. வாழ்வாதார உரிமை தளர்ந்தால் முதலில் இழப்பவர் முகாமில் இருப்பவர். அடுத்து இழப்பவர் வேலையற்றவர். 2025இல் பதவியேற்ற மேர்ஸ் அரசு பூர்கர்கெல்டின் பெயரை மாற்றி நிபந்தனைகளை இறுக்க முடிவுசெய்ததை இந்த வரிசையில் வைத்தே பார்க்கவேண்டும்.

எமது அமைப்புகள் இதுவரை இதில் அக்கறை காட்டியது குறைவு. நீண்டகாலம் வாழ்ந்து வீடும் கடையும் கண்டவர்கள், 'சோசல் காசு' எடுப்பவரைத் தாழ்வாகப் பேசுவதும் உண்டு. அவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம் ஐந்து ஆண்டில் விண்ணப்பிக்கவும் இரட்டைக் குடியுரிமை வைத்திருக்கவும் வழிவிட்டது. அதேவேளை, தன் உழைப்பால் வாழ்க்கைச் செலவை ஈட்டவேண்டும் என்ற நிபந்தனையையும் இறுக்கியது. நோயாலோ குழந்தைப் பராமரிப்பாலோ அரச உதவியில் தங்கியிருக்கும் தாய்க்குக் கடவுச்சீட்டு எட்டாத தூரத்தில் நிற்கிறது. அந்த உதவி எவ்வளவு, காசாகவா அட்டையாகவா என்பதைத் தீர்மானிக்கும் அடுத்த வாக்கெடுப்பிலும் அவளுக்கு வாக்கு இராது. ஹம்பேர்க்கில் பதினாறு வயது நிரம்பிய ஜேர்மன் குடிமகனுக்கு அந்த வாக்கு உண்டு. அங்கே பிறந்து வளர்ந்த எமது பிள்ளைகளில் எத்தனை பேர் ஒக்டோபர் 12ஆம் திகதி அதைப் பயன்படுத்தினர் என்று எமது சங்கங்கள் விசாரித்துப் பார்க்கட்டும்.